வன்னியில் கள்ளி வளர்ப்பு: விதைக்கு ஈரம், துண்டுக்குக் காய்ச்சல்

வடஇலங்கையின் வன்னியில் கள்ளிச்செடி வெயிலால் சாவது குறைவு, மாரியால் சாவதுதான் அதிகம். ஐப்பசியில் பிடிக்கிற மழை தை வரை இழுக்கும். சாடி மண் காயாது, வேருக்குக் காற்றுக் கிடையாது, அடித்தண்டு அழுகிவிடும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர் சாடி வாங்குவதற்கு முதல் கலண்டரைப் பார்ப்பது நல்லது. விதை போடுவதானால் தை கடைசிக்கும் பங்குனிக்கும் இடையில் போடுங்கள். மழை விட்டிருக்கும், பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும், அடுத்த மாரி வருவதற்குள் நாற்றுக்கு ஏழெட்டு மாதம் ஆகிவிடும். தண்டை வெட்டித் துண்டாக நடுவதற்கு மாசி தொடங்கி ஆவணி வரை எந்த மாதமும் சரி. மாரி நடுவில் வெட்டின துண்டு வெட்டுவாய் காயாமலே அழுகும்.

விதைக்கும் துண்டுக்கும் பராமரிப்பு நேரெதிர் என்பதை முதலே மனதில் வையுங்கள். விதைக்கு மூடிவைத்த ஈரம் வேண்டும், துண்டுக்குத் திறந்த காற்றும் காய்ச்சலும் வேண்டும். துண்டை நட்ட அன்றே தண்ணீர் ஊற்றுவதும் விதைச்சாடியைத் திறந்து போட்டு மேல்மண்ணைக் காயவிடுவதும்தான் தொடக்கக்காரரிடம் அடிக்கடி நடக்கிற பிழைகள்.

மண் கலவை பெரிய வித்தையில்லை. வளர்ந்த செடிக்கும் துண்டுக்கும் பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் அல்லது சின்னச் சல்லிக்கல் ஒரு பங்கு, அரித்த கூட்டெரு ஒரு பங்கு. ஆற்று மணல்தான் நல்லது. முல்லைத்தீவுக் கரையோரத்து மணலில் உப்பும் இருக்கும், துகளும் நுண்மையாக இறுகிப்போகும். முருங்கன் பக்கத்துக் கருங்களியைக் கொஞ்சமும் சேர்க்க வேண்டாம், நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். விதைக்கு என்றால் கழுவிய மணலும் தும்புத்தூளும் பாதிப்பாதி, சின்னக்கண் அரிதட்டில் அரித்தது. அதைத் துணியில் கட்டி, ஆவி வரத் தொடங்கியதிலிருந்து அரைமணி நேரம் அவித்து ஆறவிடுங்கள். பூஞ்சண வித்துகளும் களை விதைகளும் அதோடு போய்விடும். இந்த வேலையைத் தவிர்த்தால் நாற்று முளைத்த பிறகு அதன் விலை தெரியும்.

விதைப் பயிற்சிக்கு மிகச் சுலபமானது டிராகன் பழம். அதுவும் கள்ளிக் குடும்பம்தான், விதை இலவசம், புதியது, முளைப்பும் நிச்சயம். பழச்சதையில் ஒரு கரண்டி எடுத்துத் தேத்தண்ணி வடியில் போட்டு, ஓடுகிற தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். விதையைச் சுற்றியிருக்கிற வழுவழுப்பு முழுக்கப் போக வேண்டும், அதில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். கடதாசியில் ஒரு நாள் உலர்த்துங்கள். யோகட் கப் ஒன்றின் அடியில் சுடவைத்த ஆணியால் நான்கு துளை போட்டு, கலவையை வாயிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் கீழே நிற்கும்படி நிரப்பி, ஆறிய கொதிநீரிலோ மழைநீரிலோ கப்பை நிற்க வையுங்கள். மேல்மண் கறுத்ததும் எடுத்து வடியவிட்டு, விதையை ஒன்றுக்கொன்று அரைச் சென்ரிமீற்றர் இடைவெளியில் மேலே தூவுங்கள். மண்ணால் மூடக் கூடாது, இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். பிறகு கப்பைத் தெளிவான பொலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டி, விறாந்தையில் நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் விடுங்கள். மூடிய பையில் வன்னி வெயில் பட்டால் உள்ளே எல்லாம் வெந்துபோகும்.

ஐந்து முதல் பத்து நாளுக்குள் முளை தெரியும். முதலில் தடித்த இரண்டு வித்திலைகள், சில கிழமை கழித்து அவற்றின் நடுவில் மயிர் போன்ற முள்ளோடு சின்னத் தண்டு. உருண்டைக் கள்ளி இனங்களில் வித்திலையே பெரிதாகத் தெரியாது, மண்மேல் இரண்டு மில்லிமீற்றர் பச்சை உருண்டைதான் கிடக்கும். மமிலேரியா, ஜிம்னோகலிசியம் போன்ற உருண்டைக் கள்ளிகளுக்கும் இதே முறைதான். முளைக்க இரண்டு கிழமை வரை ஆகலாம். பழைய விதை பாதிகூட முளைக்காது, ஆகவே எப்போது எடுத்த விதை என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பையை நான்கு முதல் ஆறு கிழமை அப்படியே வைத்திருந்து, பிறகு ஊசியால் துளை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். ஒரே நாளில் திறந்தால், அதுவும் சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற காலத்தில், நாற்று சுருண்டுவிடும். தினமும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். நாற்றின் அடி கண்ணாடிபோலத் தெளிந்து, மறுநாள் சரிந்து கிடந்தால் அது நாற்றழுகல். சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்துக் கிள்ளி எறிந்து, பையைப் பாதி திறந்து விடுங்கள். விட்டால் இரண்டு நாளில் கப் முழுவதும் போய்விடும். நாற்று சிவந்தால் வெளிச்சம் கூட, வெளிறி நீண்டால் வெளிச்சம் குறைவு. மண்மேல் பச்சைப் பாசி படர்ந்தால் ஈரம் கூட. மூன்றாம் மாதத்தில் அல்பேட் என்கிற, நீரில் கரைக்கிற உரத்தைப் பொதியில் சொன்ன அளவில் காற்பங்குக்கு நீர்த்துக் கொடுக்கலாம். நாற்றுகள் ஒன்றோடொன்று முட்டும்வரை இடம் மாற்ற வேண்டியதில்லை.

அடீனியம் கள்ளியல்ல, ஆனாலும் இங்கே அதைப்போல ஒத்துப்போகிற செடி குறைவு. அதை விதையில்தான் வளர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துண்டில் வந்த செடி பூக்கும், ஆனால் விதையில் வந்ததுபோல அடி பருத்து வராது. மாட்டுக்கொம்புபோல இரட்டையாக விடுகிற காயை வெடிக்க முதல் நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள், இரு நுனியிலும் குஞ்சம் உள்ள விதை காற்றில் பறந்துவிடும். கிடையாக வைத்து மெல்லிய மணலால் மூடினால் ஒரு கிழமைக்குள் முளைக்கும்.

இனித் துண்டு. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரே இழுப்பில் வெட்டுங்கள். தூண்போன்ற கள்ளியில் வெட்டுவாயின் ஓரத்தைப் பென்சில் சீவுவதுபோல் சரித்துவிட வேண்டும். உலரும்போது நடுச்சதை உள்ளே வாங்கும், ஓரத்தைச் சரிக்காவிட்டால் நடுவிலிருந்து வருகிற வேர் மண்ணைத் தொடாது. பிறகு நிழலில் நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட்டால் வளையும். மெல்லிய தண்டுக்கு நான்கைந்து நாள், கைப்பருமன் துண்டுக்கு இரண்டு மூன்று கிழமை. விரலால் தொட்டால் வெட்டுவாய் தோல்போல இறுகியிருக்க வேண்டும். கரித்தூளோ கந்தகத்தூளோ பூசலாம், ஆனால் உலர்த்தாமல் தூள் மட்டும் பூசிப் பயனில்லை. நடும்போது இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழம் போதும். உயரமான துண்டு சாய்ந்தால் தடி ஊன்றுங்கள், ஆழமாகப் புதைக்காதீர்கள். ஒரு கிழமை கழித்துத்தான் முதல் தண்ணீர். மூன்று முதல் ஆறு கிழமையில் மெல்ல அசைத்தால் இறுக்கம் தெரியும்.

சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி வகைகளை வெட்டினால் பால் வடியும். கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து பார்வையையே பாதிக்கும். கையுறை போடுங்கள், துண்டின் வாயைத் தண்ணீரில் பிடித்துப் பால் நின்ற பிறகு உலர்த்துங்கள். நாகதாளியின் பெரிய முள்ளைவிட அதன் அடியில் கொத்தாக இருக்கிற சுணைமுள் பொல்லாதது. மடித்த பத்திரிகைத்தாளால் பிடியுங்கள், கையில் ஏறிவிட்டால் ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். மிஞ்சிய துண்டுகளை வேலிக்கு அப்பால் வீசாதீர்கள். அது இந்த மண்ணுக்குரியதல்ல, உலர் வலயக் கரையோரங்களில் வேண்டாத அளவுக்குப் பரவிக் கிடக்கிறது.

இலையிலிருந்து வளர்க்கிற சதைப்பற்றுச் செடிகளில் இலையை அடியோடு, முறியாமல் திருகி எடுப்பது முக்கியம். அடிமுனை செடியிலேயே தங்கிவிட்டால் வேர் வரலாம், குருத்து வராது. மருளில் இலையைப் பத்துச் சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டலாம், ஆனால் அடிப்பக்கமே மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் வராது, எனவே வெட்டும்போதே அடியில் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். மஞ்சள் கரையுள்ள மருளை இலையிலிருந்து எடுத்தால் குட்டி வெறும் பச்சையாகவே வரும். கரை வேண்டுமானால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

புரட்டாதி கடைசியில் எல்லாச் சாடிகளையும் கூரைக்குக் கீழே, செங்கல் மேல் ஏற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை அடித்தண்டை அமத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அன்றே மேலே வெட்ட வேண்டும். வெட்டின முகத்தின் நடு வளையத்தில் செம்பழுப்புப் புள்ளி ஒன்று நின்றாலும் கத்தியைத் துடைத்து இன்னொரு வில்லை சீவுங்கள், சதை முழுவதும் சுத்தமாகத் தெரியும்வரை. மிஞ்சிய தலையை அடுப்படிப் பக்கம், ஈரக்காற்றுப் படாத இடத்தில், மாசி பிறக்கும்வரை மண் இல்லாமல் நிமிர்த்தி வைக்கலாம். கள்ளித் துண்டு அவ்வளவு காலம் தாங்கும்.