டிசைனர் ஆடையின் உட்பக்கம்: தையல் பரீட்சைக்கு நான் தயாரான விதம்

ஆடை தைத்தலில் என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) 4ஆம் நிலைக்குப் படித்த காலத்தில், பயிற்சிக்கென்று தனியாக நான் அதிகம் தைக்கவில்லை. எனக்குப் பிடித்த பெரிய டிசைனர்களின் ஆடைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பார்த்து எனக்கு உடுத்த உடுப்பும் தோளில் போடப் பையும் தைத்தேன். பரீட்சைக்கு வேண்டிய வேலைகளில் முக்கால்வாசி அதற்குள்ளேயே வந்துவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்போது இதே பாடநெறியில் சேர்ந்திருக்கும் தங்கைமார் சிலர், "அக்கா, எப்படிப் படிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பரீட்சையைப் பற்றிச் சுருக்கமாக. தேசிய தொழிற் தகைமையில் மொத்தம் 7 நிலைகள். 2 முதல் 4 வரை சான்றிதழ், 5ஆம் 6ஆம் நிலைகள் டிப்ளோமா, 7ஆம் நிலை பட்டத்துக்குச் சமம். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி நூற்றுக்கு இத்தனை என்று இங்கே புள்ளி போடுவதில்லை. வேலை தெரியும், அல்லது இன்னும் தெரியவில்லை என்பதுதான் முடிவு. மதிப்பீட்டாளர் நீங்கள் தைப்பதை நேரில் பார்ப்பார், இடையிடையே கேள்வி கேட்பார், நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் வேலைக் கோவையைப் புரட்டுவார். மனப்பாடம் செய்து தப்ப வழியில்லை.

முடித்த உடுப்பைக் கையில் வாங்கியதும் அவர் அதை உட்பக்கமாகத்தான் திருப்புவார். எங்கள் டீச்சரும் வகுப்பில் அதையே செய்வார். "வெளிப்பக்கத்தை உடுத்திறவ பார்க்கட்டும் பிள்ளை, நீ எனக்கு உள்பக்கத்தைக் காட்டு" என்பார். இந்த ஒரு வசனம்தான் என் படிப்பையே திருப்பியது. அதுவரை டிசைனர் ஆடை என்றால் நிறம், கழுத்து, கைவெட்டு என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, இதை உள்ளே எப்படிப் பொருத்தியிருப்பார்கள் என்று தேட ஆரம்பித்தேன். லண்டனின் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட், நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் போன்ற அருங்காட்சியகங்கள் தங்களிடமுள்ள ஆடைகளின் படங்களை இணையத்தில் போட்டிருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் தையல் கோடு எங்கே ஓடுகிறது என்பது தெரியும். காசில்லாமல் கிடைக்கும் பாடப்புத்தகம் அது.

நான் முதலில் எடுத்தது பாரிஸ் டிசைனர் ஈவ் சென் லோரன் 1965இல் கொண்டுவந்த மொன்ட்ரியான் சட்டை. வெள்ளைத் துணியில் தடித்த கறுப்புக் கோடுகள், நடுநடுவே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். ஓவியர் பீற் மொன்ட்ரியானின் படத்தை அப்படியே உடுத்தியது போலிருக்கும். பார்த்தால் நேரே தொங்கும் வெறும் சட்டை, உடம்பின் வளைவுக்காகத் துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கும் டார்ட் ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உடம்பில் அழகாக உட்காருகிறது. ஒவ்வொரு நிறக் கட்டத்தையும் தனித்தனியாக வெட்டிப் பொருத்தி, உடம்பின் வளைவுக்கு வேண்டிய வெட்டு முழுவதையும் கோடுகளின் தையலுக்குள் ஒளித்துவைத்திருக்கிறார். அதுதான் அந்தச் சட்டையின் கெட்டித்தனம்.

டார்ட்டை இடம் மாற்றுவது பாடத்திட்டத்தில் எல்லோரும் பயப்படும் பகுதி. கரும்பலகையில் பார்த்தபோது எனக்கும் பிடிபடவில்லை. இந்தச் சட்டையைத் தைக்கப்போனபோதுதான் அது விளங்கியது. செய்யவேண்டியது இதுதான். உங்கள் அளவுக்கு முன்பக்கப் பேட்டர்னைத் தாளில் வரைந்து, மார்பு முனையைக் குறித்துக்கொள்ளுங்கள். கிடையாக ஒரு கோடும் நெடுக்காக ஒரு கோடும், இரண்டும் அந்த முனையிலிருந்து 2 சென்ரிமீற்றருக்குள் போகும்படி போடுங்கள். பக்கவாட்டு டார்ட்டைக் கிடைக்கோட்டுக்கும், இடுப்பு டார்ட்டை நெடுக்கோட்டுக்கும் மாற்றுங்கள். பிறகு கோட்டோடு வெட்டினால், டார்ட் இருந்த இடம் கட்டத்தின் விளிம்பில் மெல்லிய சரிவாக மாறிவிடும். கறுப்புப் பட்டியை மட்டும் நேராகவே வெட்டவேண்டும். சரிவு நிறக் கட்டத்தின் விளிம்பில் இருக்கட்டும், பட்டியில் வந்தால் கோடு கோணலாகத் தெரியும்.

இதை முழு அளவில் தொடங்கத் தேவையில்லை. பாதி அளவில் தாளில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். மடலின் வியோனே என்ற பிரெஞ்சு டிசைனர், துணியைக் குறுக்காக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டித் தைப்பதில் பேர்போனவர், சிறிய மரப்பொம்மையில்தான் தன் உடுப்புகளை உருவாக்கினார். ஆகவே சின்ன அளவில் பழகுவதைக் குறைவாக நினைக்கவேண்டாம். தாளில் சரிவந்ததும் பழைய படுக்கை விரிப்பில் முழு அளவில் ஒன்று தைத்து உடுத்திப் பாருங்கள். நல்ல துணியில் கத்தரிக்கோல் வைப்பது அதற்குப் பிறகுதான்.

கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் சந்திதான் இந்தச் சட்டையில் கை நின்று செய்யவேண்டிய இடம். கிடைத் தையல்களை முதலில் போட்டு, தையல் விளிம்பை விரித்து அயர்ன் பண்ணுங்கள். இரண்டு பாகத்தையும் நேர்முகமாக வைத்து, ஒரு பக்கத்துத் தையல் கோட்டில் குத்தும் குண்டூசி மறுபக்கத்துத் தையல் கோட்டிலேயே வெளியே வருகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் 3 சென்ரிமீற்றருக்குக் கையால் ஓட்டுத்தையல் போட்டு, குண்டூசியை எடுத்துவிட்டு மெஷினில் கொடுங்கள். குண்டூசியோடு மெஷினில் ஓட்டினால் மேல் துணி ஒரு நூலளவு தள்ளிப்போகும். அந்த ஒரு நூலளவு கறுப்புக் கோட்டில் படிக்கட்டாகத் தெரியும். என் கோவையில் இருந்த வேலைகளில் மதிப்பீட்டாளர் அதிக நேரம் பார்த்ததும் இந்தச் சந்திகளைத்தான்.

ஆனால் ஒன்று. ஈவ் சென் லோரன் பாவித்தது கம்பளி ஜேர்சி. கொழும்பு வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அது சரிவராது. நான் பருத்திக் கைத்தறியில் தைத்தேன். கொள்ளுப்பிட்டி காலி வீதியில் பார்பரா சன்சோனி தொடங்கிய பேர்ஃபூட் கடைக்குப் போய், வாங்காவிட்டாலும் பரவாயில்லை, துணிகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைக்கலாம் என்ற துணிச்சல் தானாக வரும். பாரிஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதை எனக்குக் காட்டியதும் அந்தக் கைத்தறிதான்.

துணி வாங்க நான் போவது புறக்கோட்டைக்கு. பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் ஏறி இறங்கினால் பொப்ளினிலிருந்து லைனிங், லேஸ், ஸிப், தெறி வரை எல்லாம் கிடைக்கும். வேலைநாளில் காலையிலேயே போய்விடுங்கள். சனம் கூடிவிட்டால் கடைக்காரருக்குத் துணியை விரித்துக் காட்ட நேரம் இருக்காது. கட் பீஸ் விற்கும் இடங்களையும் விடாதீர்கள், நிறக் கட்டங்களுக்கு அரை மீற்றருக்கு மேல் தேவைப்படாது. கடைக்குள் ட்யூப் லைட்டில் தெரியும் நிறத்தை நம்பவேண்டாம். கேட்டுவிட்டுத் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வாங்கியதும் வெட்டாதீர்கள். 20 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு துண்டை வெட்டி, கழுவி, காயவைத்து, அயர்ன் பண்ணி அளந்து பாருங்கள். 19 ஆகியிருந்தால் நூற்றுக்கு 5 சுருங்குகிறது என்று அர்த்தம், அப்படியானால் முழுத் துணியையும் கழுவிவிட்டுத்தான் வெட்டவேண்டும். சிவப்பும் கறுப்பும் சாயம் விடுகிறதா என்பதை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள், வெள்ளைக்குப் பக்கத்தில் வரப்போகிற நிறங்கள் அவை. இரண்டு நூலை உருவி எரித்தும் பாருங்கள். பருத்தி என்றால் தாள் எரிகிற மணம் வந்து சாம்பல் உதிரும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும். இந்தச் சோதனைகளின் துண்டுகளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் முடிவை எழுதி, கோவையில் சேர்த்துக்கொள்ளுங்கள். துணியை எப்படி இனம் காண்பீர்கள் என்ற கேள்வி வரும்போது காட்டிப் பதில் சொல்லலாம்.

அடுத்தது ஷனெல் கோட். கோகோ ஷனெல் 1954இல் தன் கடையைத் திரும்பத் திறந்த பிறகு பேர்பெற்ற அந்த ட்வீட் (தடித்த கம்பளித் துணி) ஜாக்கெட், வெளியே பார்த்தால் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிறது வித்தை. ஒவ்வொரு பாகத்தையும் பட்டு லைனிங்கோடு சேர்த்து நெடுக்காகத் தைத்துவிடுவார்கள். அதனால் விறைப்பான கன்வஸ் இல்லாமலே கோட் நிற்கும், உடுத்தும்போது பாரமாக இருக்காது. கீழ்மடிப்பின் உட்புறத்தில் சுற்றிவர ஒரு சங்கிலி. கோட் மேலே ஏறாமல் நேராகத் தொங்க வைப்பது அதுதான்.

நான் தடித்த கைத்தறிக்கு மெல்லிய வொயில் லைனிங் வைத்து, கையில்லாத கோட்டாகத் தைத்தேன். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: லைனிங்கைச் சேர்த்துத் தைக்கும் கோடுகள் பாகத்தின் விளிம்பு வரை போகக்கூடாது, 4 சென்ரிமீற்றருக்கு முன்னாலேயே நிற்கவேண்டும். அப்போதுதான் லைனிங்கை ஒதுக்கிவிட்டு வெளித்துணியை மட்டும் பொருத்தவும், பிறகு லைனிங்கை மடித்துக் கையால் தைத்து மூடவும் முடியும். கைத்தறி வெட்டியவுடனே நூல் பிரியும், உடனே ஓவர்லாக் போட்டுவிடுங்கள். சங்கிலி புறக்கோட்டையில் கிடைக்கும். பித்தளையாகப் பார்த்து வாங்குங்கள். முலாம் பூசிய இரும்பு என்றால் கழுவக் கழுவத் துருப்பிடித்துத் துணியில் கறை விழும். ஈரத்துணியில் ஒரு துண்டைச் சுற்றி இரவு முழுக்க வைத்தால் விடிய உண்மை தெரிந்துவிடும்.

மிஞ்சிய துணியில் பை. ஷனெல் 1955 பெப்ரவரியில் கொண்டுவந்த பைக்கு அந்தத் திகதியே பெயராகி 2.55 ஆனது. சங்கிலியைத் தோளில் போட்டால் கை இரண்டும் சும்மா இருக்கும், டயமண்ட் கட்டமாகக் குயில்ட் பண்ணியிருக்கும், அதாவது உள்ளே மெத்தென்ற அடுக்கு வைத்துக் கோடு கோடாகத் தைத்திருக்கும். குயில்ட் பண்ணினால் துணி சுருங்கும். ஆகவே வேண்டிய அளவைவிடச் சுற்றிவர 3 சென்ரிமீற்றர் கூட்டி வெட்டி, குயில்ட் பண்ணி முடித்த பிறகு சரியான அளவுக்கு வெட்டுங்கள். கோடுகளை நடுவிலிருந்து வெளியே நோக்கித் தைத்துக்கொண்டு போங்கள். ரெக்சினில் தைப்பதென்றால் குண்டூசி குத்தவேண்டாம், துளை போகாது. கிளிப் போட்டுப் பிடியுங்கள். தையலை 3 முதல் 3.5 மில்லிமீற்றர் நீளத்தில் வையுங்கள். நெருக்கித் தைத்தால் அந்தக் கோட்டோடு கிழிந்துவிடும்.

கம்பனிகளின் சின்னத்தை மட்டும் எங்கும் வைக்காதீர்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வியாபாரக் குறிகளைப் பாதுகாக்கிறது. நாளைக்குத் தைத்து விற்கப்போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், சின்னம் வைத்தால் அது போலி ஷனெல் பை. வைக்காவிட்டால் நீங்கள் தைத்த பை. அந்தப் பெருமையை ஏன் இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டும்?

கோவையில் முடித்த உடுப்பின் படம் மட்டும் போதாது. எந்த ஆடையைப் பார்த்தீர்கள், அதிலிருந்து எந்த ஒரு விஷயத்தை எடுத்தீர்கள், கொழும்புக்காக எதை மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு பேட்டர்ன், துணிக் கணக்கு, செலவு, தையல் மாதிரிகள், உட்பக்கத்தின் படம். ஒரு ஆடையிலிருந்து ஒரு விஷயம் மட்டும் எடுங்கள் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஷனெல் சங்கிலியும் மொன்ட்ரியான் கட்டமும் வியோனே வெட்டும் ஒரே சட்டையில் வந்தால், எதற்கு ஏன் என்று கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் போகும்.

பரீட்சை நாளில் பெரும்பாலானவர்களைத் தடுமாற வைப்பது மெஷின். வீட்டில் சிங்கர் மெஷினில் பழகியவருக்கு, பயிற்சி நிலையத்திலுள்ள தொழிற்சாலை ரக ஜூகி மெஷினின் வேகம் கையை மீறிப் போகும். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் அங்கேயே போய், நூல் கோக்காமல் கோடு போட்ட தாளில் ஓட்டிப் பழகுங்கள். காலைத் தொட்டும் தொடாமலும் வைக்கப் பழகினால் போதும். வேலை தொடங்கும் முன் அதே துணியின் துண்டில் இரண்டு வரி தைத்து, மேல்நூலும் கீழ்நூலும் சமமாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தையலுக்கும் பிறகு அயர்ன் பண்ணுங்கள். நேரம் போகிறதே என்று கடைசிக்கு விட்டால் உள்ளே மடிந்த விளிம்பு நேராக வரவே வராது.

கேள்விகள் பெரும்பாலும் "ஏன்" என்றுதான் வரும். நூலோட்டத்துக்கு நேராக வெட்டாவிட்டால் என்ன ஆகும்? காலருக்கு ஏன் பியூசிங் (அயர்ன் பண்ணி ஒட்டும் விறைப்புத் துணி)? குறுக்கு வெட்டில் தைத்த பாவாடையை ஏன் ஒரு நாள் தொங்கவிட்டுப் பிறகு கீழ்மடிப்புத் தைக்கவேண்டும்? பதிலைப் புத்தக வசனத்தில் சொல்லப் பார்க்காதீர்கள். உங்கள் உடுப்பை எடுத்து, அந்த இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே ஊருக்குத் தைத்துக்கொடுக்கும் அக்காமாரும் இதைப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். முன்பே தெரிந்த வேலையை மதிப்பிட்டு அதே என்.வி.கியூ சான்றிதழைக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்தில், அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது நீங்கள் தைத்ததில் மிக நல்ல இரண்டு உடுப்பை அயர்ன் பண்ணி எடுத்துக்கொண்டு போங்கள்.