கைடு பூச்சில் விரிசல்: ஒரு தடவை கெடுத்து, மறுதடவை சரிசெய்தது

தூண்டில் வீசும்போதெல்லாம் கைப்பிடிக்கு மேலே ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். ரீல் (நரம்பு சுற்றும் உருளை) தளர்ந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு வாரம் அதையே இறுக்கிக்கொண்டிருந்தேன். தூண்டில் கம்பான ராடைத் துடைக்கும்போதுதான் நகத்தில் இடறியது. கைடு என்பது தூண்டில் நரம்பு ஓடும் வளையம்; அதன் உலோகக் காலை ராடோடு நூலால் சுற்றிக் கட்டி, மேலே எபாக்ஸி என்ற பிசினைப் பூசியிருப்பார்கள். ரீலுக்கு அடுத்த பெரிய கைடின் கால் முடிகிற இடத்தில், பூச்சைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு விரிசல். அந்த இடத்தில் நீல நூல் வெளுத்துக் கிடந்தது.

எபாக்ஸி ஊறியிருக்கும்வரை நூல் ஈரத்துணி போல ஆழ்ந்த நிறத்தில் இருக்கும். பூச்சு விட்டுப்போய்க் காற்று புகுந்ததும் வெளுத்துவிடும். காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும். உப்புத் தண்ணீர் என்றால் உள்ளே கைடின் கால் துருப்பிடிக்கும்.

விரிசல் அங்கே விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. ராடு வளையும், உலோகக் கால் அவ்வளவு வளையாது. அந்த இழுபறி முழுவதும் கால் நுனியில் போய் விழுகிறது. என் ராடில் அங்கே பூச்சு புடைத்துத் தடிமனாக வேறு இருந்தது. தடித்த பூச்சுதான் உறுதி என்று நானும் நம்பியிருந்தவன்தான்.

கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன், பெரிய கைடு லேசாக அசைந்தது. அதற்கு மேல்பூச்சு போதாது, பிரித்தே ஆக வேண்டும். மேலே இருந்த இரண்டு கைடுகளில் மயிரிழைக் கீறல் மட்டும்தான், நூல் கெட்டியாக இருந்தது.

ஹேர் டிரையரால் சூடு காட்டினால் பழைய எபாக்ஸி இளகும். பிளேடை உலோகக் காலின் முதுகில் மட்டுமே ஓட்டினேன். கார்பன் தண்டில் ஒரு கீறல் பட்டால் பின்னாளில் ராடு அங்கேயே முறியலாம். மிச்சத்தை நகத்தாலும் ஒரு மூங்கில் குச்சியாலும் சுரண்டியதில் ஒரு மாலை முழுக்கப் போனது. உள்ளே பார்த்தால் கால் நுனி படிக்கட்டு மாதிரி மொட்டையாக நின்றது. அரத்தால் தேய்த்துச் சரிவாக்கினேன்.

நைலான் நூலைத் தண்டில் தொடங்கி, காலின் மேல் ஏற்றி, கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு அடியில் ஒரு கண்ணி வைத்து, நுனியை அதில் கோத்து உள்ளே இழுத்து முடித்தேன்.

முதல் பூச்சைச் சொதப்பினேன். எபாக்ஸியின் பிசின், கெட்டியாக்கி இரண்டையும் ஊசிக்குழாயில் (சிரிஞ்சில்) ஒன்றுக்கு ஒன்று என்று சரியாகத்தான் அளந்தேன். ஆனால் மிகக் கொஞ்சம் எடுத்து, ஒரு நிமிடம் அவசரமாகக் கலக்கிப் பூசிவிட்டேன். மறுநாளும் தொட்டால் ஒட்டியது. போதாததற்கு மீன்கண் மாதிரி குட்டிக் குட்டிப் பள்ளங்கள். ஊசிக்குழாய் வழுக்கிக்கொண்டு போக உள்ளே தடவியிருக்கும் சிலிக்கான் கலந்தால் இப்படி ஆகும். ஒட்டுகிற பூச்சின் மேலேயே இன்னொரு தடவை பூசிச் சமாளிப்பவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. நூலோடு பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி சுற்றினேன்.

இந்தத் தடவை சிலிக்கான் இல்லாத குழாயில் வகைக்கு 3 மில்லி. அளவு கூடும்போது அளவுப் பிசகு அவ்வளவாகக் கெடுக்காது. கோப்பைச் சுவரை வழித்து வழித்து 4 நிமிடம் மெதுவாகக் கலக்கினேன். கலந்ததை அலுமினியத் தாளில் பரப்பிவிட்டேன். குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். பரப்பினால் நேரமும் கிடைக்கும், குமிழியும் மேலே வந்து உடையும். காலுக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் முதலில் தூரிகையால் ஊட்டினேன். பிறகு நூல் நனையும் அளவுக்கு மட்டும் மேலே.

சுழற்றும் மோட்டார் என்னிடம் இல்லை. இரண்டு அட்டைப்பெட்டியில் வெட்டு போட்டு ராடைக் கிடத்தி, சில நிமிடத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று திருப்பிக்கொண்டே இருந்தேன். பூச்சு அடியில் திரண்டு தொங்காமல் இருக்க வேறு வழியில்லை. இப்படியே நாலு மணி நேரம். நடுவில் சாப்பிடப் போன பத்து நிமிடத்துக்குள் ஒரு சொட்டு திரண்டுவிட்டது, ஓடிவந்து தூரிகையால் எடுத்தேன். மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு. கீறல் கைடுகளை 600ஆம் நம்பர் நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, ஒரே பூச்சோடு விட்டேன்.

ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்து வீசிப் பார்த்தேன். சத்தம் இல்லை. மூன்றாவது கைடின் பூச்சுக்குள் தூரிகை முடி ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.