ஒரே மூலக்கூறின் பின்னே ஒரு வாழ்நாள்: ஜார்ஜ் வால்டும் ரூத் ஹப்பர்டும்

வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் நோய் வரும் என்பது 1930களுக்கு முன்பே மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த வைட்டமின் கண்ணுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதும், விழித்திரையில் அது இருக்கிறதா என்பதும் விடை காணாத கேள்விகளாகவே இருந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக் ஹெக்ட்டிடம் ஆய்வு செய்து 1932இல் முனைவர் பட்டம் பெற்ற ஜார்ஜ் வால்ட், பெர்லினில் ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வகத்துக்குச் சென்று, கால்நடைகளின் விழித்திரைகளிலிருந்து எடுத்த சாற்றில் அந்த வைட்டமினைக் கண்டறிந்தார். அதை உறுதிப்படுத்திக்கொள்ள, வைட்டமின் ஏயின் அமைப்பை அண்மையில்தான் வகுத்திருந்த வேதியியலாளர் பால் காரரை (Paul Karrer) நாடி சூரிச்சுக்குப் போனார்.

அடுத்து அவர் சேர்ந்தது ஹைடல்பர்க்கில் ஓட்டோ மெயர்ஹாஃபின் ஆய்வகம். 1933ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எல்லோரும் வெளியூர் சென்றிருந்த வேளையில், ஹங்கேரியிலிருந்து சுமார் 300 தவளைகள் அங்கு வந்து சேர்ந்தன. வேண்டாமென்று விட்டுவிட இருந்த அவற்றை வால்ட் தம் ஆய்வுக்குக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். இருளில் வைத்திருந்த தவளையின் விழித்திரையில் ரோடாப்சின் என்னும் செவ்வூதா நிறமி நிறைந்திருக்கும். வெளிச்சம் பட்டதும் அது மஞ்சளாகி, பின் நிறமிழக்கும். இந்த நிறமாற்றத்தை 1870களிலேயே ஃபிரான்ஸ் போல் கவனித்து எழுதியிருந்தார்; அந்த நிறமியை அதே ஹைடல்பர்க்கில் வில்லி கூனே விரிவாக ஆராய்ந்திருந்தார். இடையில் தோன்றும் மஞ்சள் பொருளை வால்ட் பிரித்தெடுத்து, அதற்கு ரெட்டினீன் என்று பெயரிட்டார். ரோடாப்சின் சிதைந்தால் ரெட்டினீன், அது மாறி வைட்டமின் ஏ, இருளில் மீண்டும் ரோடாப்சின் என்று ஒரு சுழற்சி அவர் கண்முன் உருவானது. ரெட்டினீன் வைட்டமின் ஏயின் ஆல்டிஹைடே, அதாவது அதன் சற்று மாறிய வேதி வடிவமே, என்பதை 1940களில் லிவர்பூலில் மார்ட்டன் குழுவினர் காட்டினார்கள். இன்று அதை ரெட்டினால் (retinal) என்கிறோம்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்ட ஜெர்மனியில் யூதரான வால்ட் தொடர்ந்து தங்க முடியவில்லை. சிக்காகோ வழியாக 1934இல் ஹார்வர்டு சேர்ந்த அவர் 1977இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார்.

என் பார்வையில் இந்த ஆராய்ச்சியின் உச்சம் 1950களில், வால்டின் ஆய்வகத்தில் பணியாற்றிய, வியன்னாவில் பிறந்த ரூத் ஹப்பர்டின் கைகளில்தான் நிகழ்ந்தது. ரெட்டினாலுக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றில் 11-சிஸ் என்னும் வளைந்த வடிவமே ஆப்சின் என்ற புரதத்தோடு சேர்ந்து ரோடாப்சின் ஆகிறது. அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குவதால் அத்தகைய வடிவம் அமைவது அரிது என்று வேதியியல் கோட்பாடு கருதியிருந்தது. ஒளி செய்வதோ அந்த வளைவை நிமிர்த்துவது மட்டுமே. பார்வையின் மற்ற எல்லா வேதிமாற்றங்களும் அதன்பின் இருளிலும் நடக்கக்கூடியவை என்று ஹப்பர்டும் ஆலன் குரோஃபும் 1958இல் எழுதினார்கள். எளிதாகத் தெரியும் இந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னே, மங்கிய செவ்வொளியில் செய்யப்பட்ட பல்லாண்டு உழைப்பு இருக்கிறது.

அதே ஆய்வகத்தில் ஜான் டௌலிங் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளையும் மாலைக்கண்ணைப் பற்றிப் பேசுகிற எவரும் அறிந்திருக்க வேண்டும். வைட்டமின் ஏக்குப் பதிலாக அதன் அமில வடிவத்தை உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. ஆனால் பார்வை இழந்தன. உடல் அந்த அமிலத்தை மீண்டும் ரெட்டினாலாக மாற்ற இயலாததே காரணம். முதலில் ரோடாப்சின் குறைகிறது, பிறகு துணையிழந்த ஆப்சினும் குறைகிறது, இறுதியில் ஒளியை ஏற்கும் செல்களே சிதைகின்றன. தொடக்கத்தில் வைட்டமின் கொடுத்தால் மீளும் மாலைக்கண், காலம் கடந்தால் ஏன் மீளாமற் போகிறது என்பதை இவ்வளவு தெளிவாக விளக்கிய வேறொரு சோதனையை நான் படித்ததில்லை.

வால்ட் 1967இல் ராக்னர் கிரானிட்டுடனும் கெஃபர் ஹார்ட்லைனுடனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டில் பால் காரர் பதக்கம் வால்டுக்கும் ஹப்பர்டுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. செய்த வேலைக்கு நியாயமான பகிர்வு இதுவே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். 1958இல் வால்டை மணந்த ஹப்பர்ட், பல ஆண்டுகள் நிரந்தரமற்ற ஆய்வுப் பதவிகளிலேயே பணியாற்றி, 1974இல்தான் ஹார்வர்டு உயிரியல் துறையில் நிரந்தரப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண்ணானார்.