மெயினை ஆஃப் பண்ணட்டுமா?

தக்காளி விதையைப் போட்டால் முளைக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. முளைத்த பிறகு அது என்ன செய்யும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் காலியாகக் கிடப்பது பின்பக்க அறை ஒன்றுதான். அதற்கு ஒரு ஜன்னல் உண்டு, திறந்தால் எட்டடி தள்ளி அடுத்த கட்டடம். அந்த அறையில் வெயில் என்பது வதந்தி மாதிரி. வருகிறது, வருகிறது என்பார்கள். யாரும் பார்த்ததில்லை.

பத்தே நாளில் நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு, உச்சியில் இரண்டு இலையை மட்டும் வைத்துக்கொண்டு, தட்டு மொத்தமும் ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றன. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தப்பிச்சுப் போகப் பாக்குதுங்க போல" என்றார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். செடிக்கு வேலைக்காகும் வெளிச்சம், அலைநீளக் கணக்கில், 400-லிருந்து 700 நானோமீட்டர் வரை. அதிலும் பச்சையம் நன்றாக இழுத்துக்கொள்வது நீலத்தையும் சிவப்பையும். சரி, அப்படியென்றால் 660 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி.யும் 450 நானோமீட்டர் நீல எல்.இ.டி.யும் வாங்கி நாமே ஒரு விளக்கு செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். ரெடிமேட் விளக்கு கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். அதை வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

சிவப்பு 16, நீலம் 4, ஒவ்வொன்றும் 3 வாட் என்று வந்தன. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியத் தட்டு, நட்சத்திர வடிவம், நடுவில் மழைத்துளி மாதிரி ஒரு கண். ஓரத்தில் பிளஸ், மைனஸ் போட்டிருந்தது. எறும்பு படித்துக்கொள்ளும் அளவில்.

முதல் சோதனைக்கு வீட்டில் கிடந்த பழைய மானிட்டரின் 12 வோல்ட் அடாப்டரை எடுத்தேன். கணக்கு எனக்கு வரும். சிவப்பு ஒன்றுக்கு ஏறக்குறைய 2.3 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 11.5. அடாப்டர் கொடுப்பது 12. மிச்சம் அரை வோல்ட்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று, ஒரு அட்டைப்பெட்டி மூடியில் ஐந்தையும் பசை டேப்பால் ஒட்டி வயரை இணைத்தேன்.

நான் வயரைத் தொட்டாலே வீட்டுக்காரர் எழுந்து போய் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொள்வார். கை அதன்மேலேயே இருக்கும். "மெயினை ஆஃப் பண்ணட்டுமா?" என்பது அவர் வாயிலிருந்து வரும் ஒரே தொழில்நுட்பக் கேள்வி. அன்றும் கேட்டார். "அடாப்டர்ங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஐந்தும் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் கவனித்தேன், நேரம் ஆக ஆக வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது. ஆஹா, சூடாகச் சூடாக நல்லா வேலை செய்யுதே என்று நான் நினைத்த நொடியில் அட்டை கருகும் வாசனை. டப். இருட்டு.

எல்.இ.டி.யின் குணமே அதுதானாம். சாதாரண பல்பு மாதிரி அது வோல்டேஜுக்கு அடங்காது. கொஞ்சம் வோல்ட் கூடினால் கரண்ட் மடமடவென்று ஏறும். சூடானால் அதற்குத் தேவையான வோல்ட் இன்னும் குறையும், நாமோ அதே 12-ஐத்தான் கொடுத்துக்கொண்டிருப்போம், கரண்ட் இன்னும் ஏறும், இன்னும் சூடாகும். கடன்காரன் வட்டி மாதிரி. நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தாலாவது பிழைத்திருக்கும். அடியில் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டு, அதாவது ஹீட் சிங்க், இல்லை, அட்டைதான். நல்லவேளை, வரிசையில் ஒன்று எரிந்ததும் மற்ற நான்குக்கும் வழி அடைபட்டுப் போனது. ஐந்தில் ஒன்று உயிரைக் கொடுத்து நான்கைக் காப்பாற்றியது.

"நான் கேட்டேனே" என்றார் வீட்டுக்காரர், ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமல்.

இரண்டாவது தடவை எல்லாம் முறைப்படி. வோல்டேஜை விட்டுவிட்டு கரண்டை ஒரே அளவில் நிறுத்திக் கொடுக்கிற எல்.இ.டி. டிரைவர் ஒன்று வாங்கினேன், 0.6 ஆம்ப். சிவப்பு 12, நீலம் 3, மொத்தம் 37 வோல்ட் சுமார் வரும். அப்படியே பெருக்கினால் 22 வாட். 3 வாட் பல்பு 15 என்றால் 45 வாட் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அந்த 3 வாட் என்பது பெயர் மட்டும்தான் என்று டிரைவரின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது. திருத்தம் வெளியிடவில்லை.

அலுமினிய ஹீட் சிங்க் ஒன்று எடுத்து, துளை போட்டு, ஒவ்வொரு பல்புக்கடியிலும் சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவி, பதினைந்தையும் ஸ்க்ரூ வைத்து வரிசையாக முறுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. போட்டோகூட எடுத்தேன். அதன் பிறகு வயரை ஈயத்தால் பற்றவைக்க சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஹீட் சிங்க்கின் வேலை சூட்டை இழுப்பது. அது யாருடைய சூடு என்றெல்லாம் அது பார்க்காது. அயர்னை வைத்தால் அயர்னின் சூட்டை இழுக்கிறது. ஈயம் உருகிப் பரவாமல் உருண்டு திரண்டு, முனையில் ஒட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. பல்பை மாட்டும் முன்பே இரண்டு முனையிலும் ஈயம் வைத்திருக்க வேண்டும். பதினைந்தையும் கழற்ற மனசு வரவில்லை. பெரிய அயர்னை வைத்து, மூச்சைப் பிடித்து, ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடினேன். சில இடங்களில் ஈயம் பளபளவென்று உட்கார்ந்தது. சில இடங்களில் சாம்பல் நிறத்தில் குமிழ் மாதிரி. அந்தக் குமிழ்களை நம்பவே கூடாது, லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். இழுத்தேன். மூன்று வந்தன. மறுபடியும் வைத்தேன்.

ஸ்விட்சைப் போட்டேன். பதினைந்தில் ஒன்றுகூட எரியவில்லை.

டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த மாமியார், திரும்பாமலேயே, "ஏம்மா, ஒண்ணு போனா எல்லாம் போயிடுமே, அந்த சீரியல் செட்டு மாதிரியா இது?" என்றார்.

அதேதான். நான் இரண்டு ராத்திரி படித்ததை அவர் விளம்பர இடைவேளையில் சொல்லிவிட்டார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன். நல்ல பல்பாக இருந்தால் மீட்டர் அனுப்பும் துளிக் கரண்டுக்கே லேசாகக் கண் விழிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சிவப்பெல்லாம் விழித்தன, நீலம் கொஞ்சம் சோம்பலாக. பதினொன்றாவது விழிக்கவில்லை. மல்டிமீட்டர் முனைகளை மாற்றிவைத்தேன். பளிச். ஆள் உயிரோடுதான் இருக்கிறார், தலைகீழாக நிற்கிறார். எறும்பு எழுத்தின் வேலை.

அதைக் கழற்றித் திருப்பி வைத்த சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். டிரைவரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க அதை மட்டும் தனியாக ஆன் செய்திருந்தேன். ஆஃப் செய்யாமலேயே பல்பு வரிசையின் வயரைக் கொண்டுபோய் அதில் வைத்தேன். மின்னல் வெட்டினாற்போல் ஒரு ஊதா ஒளி. அடுத்த நொடி வீடு முழுக்க இருட்டு.

எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. அப்புறம் இருட்டிலிருந்து குரல் வந்தது: "ஆஃப் பண்ணிட்டேன்!"

இத்தனை நாள் காத்திருந்தவர் ஒருவழியாகச் சாதித்துவிட்டார். மாமியார் டி.வி. போன துக்கத்தில் இரண்டு நாள் எங்கள் இருவரிடமும் அளவாகத்தான் பேசினார்.

நடந்தது இதுதான். கரண்டை நிலையாக வைக்கிற டிரைவரின் முன்னால் சுமையே இல்லையென்றால், எங்கே கரண்ட் போகவில்லையே என்று அது வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போய்த் தன் உச்சத்தில் நிற்கும். அந்த வோல்டேஜ் டிரைவருக்குள் இருக்கும் கெபாசிட்டரில் தேங்கிக் காத்திருக்கும். அப்போது போய் பல்பைத் தொட வைத்தால், தேங்கியதெல்லாம் ஒரே பாய்ச்சலாகப் பாயும். முதலில் பல்பை மாட்டு, அப்புறம் ஸ்விட்சைப் போடு. நாலே வார்த்தையில் சொல்லக்கூடியது இது. டிரைவரோடு வந்த காகிதத்தில் சொல்லியும் இருந்தது. அந்தக் காகிதத்தின் மேல்தான் சால்டரிங் அயர்னை வைத்திருந்தேன்.

இன்னொரு சிவப்பு காலி. கையில் மிச்சமிருந்ததை அங்கே மாற்றி, ஹீட் சிங்க்குக்கு எர்த் வயர் கொடுத்து, மெயின் கரண்ட் வருகிற இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் போட்டு (தண்ணீர் ஊற்றுகிற இடம், இதில் மட்டும் நான் விளையாடவில்லை), மூன்றாவது தடவை ஸ்விட்சைப் போட்டேன். எரிந்தது.

அறை முழுக்க ஊதா. நாற்று, சுவர், நான், வாசலில் நின்ற வீட்டுக்காரர், எல்லாம் ஊதா. அரை மணி நேரம் உள்ளே நின்று ரசித்துவிட்டு ஹாலுக்கு வந்தால் வெள்ளைச் சுவர் பச்சையாகத் தெரிகிறது. மாமியார் முகமும் லேசாகப் பச்சை. பயந்துவிட்டேன். கண் பழகிப்போனதுதான் காரணம், ஓரிரண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

பிளக்கில் ஒரு டைமரை மாட்டி, காலை 6 முதல் ராத்திரி 10 வரை, 16 மணி நேரம் எரியட்டும் என்று வைத்துவிட்டு ஊருக்குப் போனோம். நான்கு நாள் கழித்துத் திரும்பினால் மாடிப்படியிலேயே எதிர்க் கட்டடத்துக்காரர் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்ல ராத்திரி பூரா என்னங்க நடக்குது?" டைமரின் முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறேன். சாயங்காலம் 6 முதல் காலை 10 வரை எரிந்திருக்கிறது. செடிக்கு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை, அதற்கு ராத்திரி எது என்பதை விளக்குதான் சொல்லும். எதிர்க் கட்டடத்துக்குத்தான் வித்தியாசம். கொசு அடிக்கிற மெஷின் என்று ஒரு கட்சி, எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. செடிக்கு விளக்கு என்று நான் சொன்னதைத்தான் யாரும் நம்பவில்லை.

நாற்றுகள் என்னவோ இன்னும் நீண்டுகொண்டிருந்தன. விளக்கு உயரத்தில் தொங்குகிறதோ என்று போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். லக்ஸ் கணக்கு கேவலமாக வந்தது. ஹாலில் எரிகிற பல்பே தேவலாம் என்றது. பதறிப்போய் விளக்கை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினேன். இரண்டே நாளில் இலை விளிம்பெல்லாம் சுருண்டுவிட்டது.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்குப் போட்ட கணக்கு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் உசத்தி. 660 சிவப்பை அதில் ஆறு சதவீதம் அளவுக்குத்தான் மதிக்கும், 450 நீலத்தை அதைவிடக் குறைவாக. செடியின் சாப்பாட்டை என் நாக்கால் ருசி பார்த்து, உப்பில்லை உப்பில்லை என்று அள்ளிப் போட்டிருக்கிறேன். முப்பது சென்டிமீட்டருக்கு ஏற்றினேன். ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேனையும் மாட்டினேன், ஹீட் சிங்க்குக்கும் காற்று, நாற்றுக்கும் காற்று. ஆடி ஆடித் தண்டு கொஞ்சம் தடித்தது.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. எக்ஸ்ரே கட்சி, ஐ.சி.யூ. கட்சியாக மாறியது. வாடிப்போன செடியைக் கொண்டுவந்து "ரெண்டு நாள் அந்த லைட்ல வைங்களேன்" என்று கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கீழ் வீட்டுச் சிறுவனும் ஒரு தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, எங்க செடி வளரவே மாட்டேங்குது."

"எவ்ளோ நாளா?"

"நாங்க வீடு மாறி வந்ததுலேர்ந்து."

பாவமாக இருந்தது. வாங்கி ஓரத்தில் வைத்தேன். ஊதா வெளிச்சத்தில் ஒரு தொல்லை, பச்சை இலை கறுப்பாகத் தெரியும். இலை திருப்பி அனுப்ப அதில் பச்சை வெளிச்சமே இல்லையே. மஞ்சளாகிறதா, புள்ளி விழுகிறதா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தத் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். அடித்துளை அடைத்திருக்கிறது, வேர் மூச்சு விட முடியாமல் தவிக்கிறது என்று அவனிடம் விளக்கினேன். பயபக்தியோடு கேட்டுக்கொண்டான். நாலு நாள் தண்ணீரை அளந்து ஸ்பூனில் ஊற்றினேன்.

கண் வலி தாங்காமல் கடைசியில் வெள்ளை எல்.இ.டி.க்கு மாறினேன். வெள்ளை என்றாலும் உள்ளே இருப்பது நீலச் சில்லுதான், மேலே மஞ்சளாக ஒளிரும் பூச்சு. கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நல்ல நீலத்துக்கு அதன் பிறகு சுமார் 30 வருடம் ஆனது, அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வெள்ளையில் பச்சையும் கலந்திருக்கிறதே, வீணாகாதா என்றால் ஆகாது. இலையின் உள்ளடுக்கு வரை இறங்கி அதுவும் வேலை செய்கிறது.

இந்தத் தடவை முதலில் பல்பை மாட்டினேன், அப்புறம் ஸ்விட்சைப் போட்டேன். முதல் தடவையிலேயே எரிந்தது. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அறை சாதாரண அறை மாதிரி வெளுத்தது. நாற்றுகள் பச்சையாக இருந்தன. அக்கம்பக்கத்து நோயாளிகளில் இரண்டு தேறியிருந்தன, ஒன்று போய்விட்டது.

கீழ் வீட்டுத் தொட்டி மட்டும் அபாரமான பச்சை. ஒரு இலைகூடப் பழுக்கவில்லை. தூசியைத் துடைக்கலாம் என்று கையை வைத்தேன். இலையின் அடியில் நடுநரம்பு ஓரமாக அச்சு வார்த்த பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது.

பிளாஸ்டிக்.

சாயங்காலம் சிறுவன் கதவைத் தட்டினான்.

"ஆன்ட்டி, எங்க செடி எப்படி இருக்கு?"

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் தொட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். தண்ணீர் தளும்பியது.

"மெயினை ஆஃப் பண்ணட்டுமா?" என்றார்.