வீட்டுக்குள் சைக்கிள்: சலிப்பும் சூடும்

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம், கொட்டாரம் வழியாகக் குமரிமுனை வரை அதிகாலையில் சைக்கிளில் போய் வருவது பல மாதங்களுக்கு உறுதியில்லாத காரியமாகிவிடுகிறது. ஆகவே அதே சைக்கிளை முன்னறையில் ஒரு டிரெய்னரில் பூட்டி ஓட்டத் தொடங்கினேன். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஓர் உருளையின் மீது அழுத்திப் பிடிக்கும் எளிய கருவி அது. உருளையோடு இணைந்த காந்தத்தின் தடையைக் கூட்டக் கூட்ட மிதிப்பது கடினமாகும்.

கிரிக்கெட், செய்தி, பழைய பாட்டு என எதை முன்னால் ஓடவிட்டாலும் இருபது நிமிடம் ஆவதற்குள் இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்தச் சலிப்பில் பெரும்பகுதி உடல் சூடே என்பது மின்விசிறியை இடம் மாற்றிய பிறகு தெளிவானது. மிதிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் பெடலைச் சேர்கிறது; மற்றதெல்லாம் வெப்பமாகிறது. அதாவது பெடலில் 100 வாட் கொடுப்பவருடைய உடலுக்குள் ஏறக்குறைய 300 வாட் வெப்பம் உண்டாகிறது. சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த வேகத்துக்கேற்ற காற்று எதிரே வந்து வியர்வையை உலர்த்திவிடும். வீட்டுக்குள் அந்தக் காற்று கிடையாது. நம் கடலோர ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சொட்டிப் போகும் வியர்வையோ உடலைக் குளிர்விப்பதில்லை. தோலுக்கும் சேர்த்து ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், மிதிக்கும் வேகம் கூடாமலேயே இதயத்துடிப்பு ஏறிக்கொண்டு போகும்.

கூரை மின்விசிறி உச்சந்தலையைத்தான் தொடும். நின்று சுழலும் விசிறி ஒன்றை ஹேண்டில்பாருக்கு முன்னால், நெஞ்சுக்கு நேராக வைத்து, பின்பக்க ஜன்னலையும் திறந்துவிட்ட நாளிலிருந்து இருபது நிமிடம் என்ற எல்லை தானாகவே விலகிப் போயிற்று. அருகில் ஒரு சொம்பில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் இருக்கும். விலை உயர்ந்த பொடிகள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

கருவி பின்சக்கரத்தைத் தூக்குவதால் முன்சக்கரம் தாழ்ந்து, உடலின் பாரம் உள்ளங்கையில் இறங்கும்; சக்கரத்தின் கீழ் இரண்டு பலகைத் துண்டுகளை வைத்ததும் அது சரியானது. பூட்டிய சைக்கிள் அசையாது என்பதால் சீட்டில் ஒரே இடம் அழுந்துகிறது. அவ்வப்போது எழுந்து நின்று மிதிப்பதே அதற்கு மருந்து. உருளை உரசி டயர் கரும்பொடியாக உதிர்வதால், பின்னால் தேய்ந்த பழைய டயரையே மாட்டியிருக்கிறேன்.

இப்போது பிடித்துப்போனது உருளையின் ஓசை. நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வரை சீராக மிதிக்கும்போது அது ஒரே சுருதியில் நிற்கும். கால் சற்றுத் தளர்ந்தாலும் சுருதி இறங்கிவிடும். சாலையில் உருண்டோடும் வேகம் மறைத்துவிடுகிற குறை இது, ஏனென்றால் அங்கே பெடல் உச்சியிலும் அடியிலும் வரும்போது காலின் விசை தொய்வதை வண்டியின் ஓட்டமே ஈடுகட்டிவிடும். அந்தச் சுருதியைக் கெடாமல் காப்பதில் மனம் ஊன்றியதும் செய்தியையும் கிரிக்கெட்டையும் நிறுத்திவிட்டேன். “எங்க மக்கா போய்ச் சேர்ந்த?” என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேலியாகக் கேட்டால் “சுசீந்திரம் தாண்டியாச்சு” என்று சொல்வதுண்டு.

பார்த்துக்கொள்ள வேண்டியது துரு. ஹேண்டில்பாரை இறுக்கும் திருகுகளின் குழியில் வியர்வை தேங்கி, துடைக்காமல் விட்டால் செந்நிறப் பொடி கிளம்புகிறது. ஆகவே ஹேண்டில்பாரின் மேல் ஒரு துவர்த்து (துண்டு) விரிக்காமல் ஏறுவதில்லை. மழை வலுக்கும் காலையில் மின்சாரமும் போய்விடுவதால், விசிறியை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றித் தர எலக்ட்ரீசியனிடம் சொல்லியிருக்கிறேன்.