லிஷ்டன்ஹாகனில் இறங்கியவர்கள்

ரோஸ்டாக் நகரிலிருந்து வார்னமுண்டே கடற்கரைக்குப் போகும் புறநகர் ரயிலில் கோடையில் உட்கார இடம் கிடைப்பது அரிது. குடையும் வாளியும் துண்டுமாகக் குடும்பம் குடும்பமாக பால்டிக் கடலுக்குக் கிளம்பியிருப்பார்கள். வழியில் வரும் லிஷ்டன்ஹாகனில் வெளியூர்க்காரர்கள் இறங்குவதில்லை. நான் எழுந்தபோது எதிர் இருக்கைப் பெரியவர், "கடல் இன்னும் வரவில்லை" என்று அக்கறையாகச் சொன்னார். தெரியும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நான் பார்க்க வந்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கிழக்கு ஜெர்மனி அரசு 1970களில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக எழுப்பிய கான்கிரீட் பலகைக் கட்டடங்களில் ஒன்று, 11 மாடி. பக்கச் சுவரில் கீழிருந்து மேல்வரை மூன்று பெரிய சூரியகாந்திப் பூக்கள். அதனால் அதற்குச் சூரியகாந்தி வீடு என்றே பெயர். பால்கனிகளில் துணி காய்கிறது, பூத்தொட்டிகள் இருக்கின்றன. முன்னால் புல்வெளி. அந்தப் புல்வெளியில்தான் எல்லாம் தொடங்கியது.

1992 கோடையில் இந்தக் கட்டடத்தின் ஒரு வாசல் அகதிகள் பதிவு மையமாக இருந்தது. அடுத்த வாசலில் வியட்நாமியத் தொழிலாளர் விடுதி. மையம் நிரம்பி வழிந்ததால், ருமேனியாவிலிருந்து வந்த, ரோமா என்ற சிறுபான்மை இனக் குடும்பங்கள் குழந்தைகளோடு புல்வெளியிலேயே வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தன. கழிப்பறை கிடையாது. தற்காலிகக் கழிப்பறை வைத்துக் கொடுத்தால் அவர்கள் அங்கே தங்குவதை ஏற்றுக்கொண்டது போலாகிவிடும் என்று நிர்வாகம் கருதியது. ஆகஸ்ட் 22 அன்று கல்வீச்சு தொடங்கியது. 24ஆம் தேதி அகதிகளைப் பஸ்களில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். அதோடு அடங்கியிருக்க வேண்டும், அடங்கவில்லை. கூட்டம் வியட்நாமியர் பக்கம் திரும்பியது. அன்றிரவு போலீஸ் பின்வாங்கியது, பெட்ரோல் குண்டுகள் கீழ்மாடிகளுக்குள் விழுந்தன, தீயணைப்பு வண்டியை நெருங்க விடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியரும் ஒரு தொலைக்காட்சிக் குழுவினரும் புகைக்குள் மாட்டிக்கொண்டு, பூட்டிய கதவுகளை உடைத்து மொட்டைமாடி வழியாகப் பக்கத்து வாசலுக்குத் தப்பினார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அவர்களுடைய சாமர்த்தியத்தால்தான். கீழே ஏறத்தாழ 3,000 பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பலர் கைதட்டினார்கள்.

பல்பொருள் அங்காடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். என் அரைகுறை ஜெர்மனை அவர் பொறுத்துக்கொண்டார். அப்போதும் இங்கேதான் இருந்தீர்களா என்று கேட்டதற்கு, "ஜன்னலைத் திறக்கவே முடியாது, அவ்வளவு நாற்றம்" என்றார். தீ வைத்த இரவு? "அது வெளியூர்ப் பையன்கள் செய்தது." பையிலிருந்து ஒரு பிளம் பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். வெளியூர்க்காரர்கள் வந்தது உண்மைதான், மேற்கிலிருந்துகூட நவநாஜிகள் வந்தார்கள். கைதட்டியவர்கள் எந்த ஊர் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பழம் நன்றாக இருந்தது.

கிழக்கு ஜெர்மானியரின் வெறுப்புக்குப் பொதுவாக ஒரு விளக்கம் சொல்வார்கள்: பெர்லின் சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள், அந்நியரைப் பார்த்துப் பழகாதவர்கள், அதனால் மிரண்டுவிட்டார்கள் என்று. எனக்கு இது ஒப்பவில்லை. 1989இல் அங்கே சுமார் 60,000 வியட்நாமியரும் சுமார் 15,000 மொசாம்பிக்கரும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தார்கள். பார்க்காமல் எப்படி இருந்திருக்க முடியும்? எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அரசு சொல்லிக் கொடுத்திருந்தது. சுவரொட்டியில் அவர்கள் சகோதர நாட்டுத் தோழர்கள். நடப்பில், தனி விடுதியில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் இடம். யார் வந்தாலும் வாசலில் பெயர் பதிய வேண்டும். பெண் கருவுற்றால் கலைக்க வேண்டும், இல்லையேல் ஊருக்குத் திரும்ப வேண்டும். மொசாம்பிக்கரின் சம்பளத்தில் பெரும்பங்கைப் பிடித்து அவர்கள் நாட்டின் கடனில் கழித்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தைக் கேட்டு மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவின் தெருக்களில் அவர்கள் பல்லாண்டுகளாக ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வன்முறையும் 1990க்குப் பிறகு வானத்திலிருந்து குதித்ததல்ல. 1975 ஆகஸ்டில் எர்ஃபுர்ட் நகரில் அல்ஜீரியத் தொழிலாளர்களைத் தடிகளோடு நாள்கணக்கில் துரத்தியிருக்கிறார்கள். ஆனால் அப்படி நடந்ததாக அந்த அரசு ஒப்புக்கொள்ள முடியாது. பெர்லின் சுவருக்கே 'பாசிச எதிர்ப்பு அரண்' என்று பெயர் வைத்த அரசு அது. நாஜிகள் எல்லாரும் மேற்கே இருப்பதாகப் பாடம் நடத்தினால், தாத்தா போரில் என்ன செய்தார் என்று எந்தப் பேரன் கேட்பான்?

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1980களில் ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் போய் அடைக்கலம் கேட்டார்கள். கிழக்கு அரசு அதற்கு வழிவிட்டது இரக்கத்தால் அல்ல. டிக்கெட் காசு வந்தது, மேற்குக்குத் தலைவலியும் கொடுக்க முடிந்தது. மேற்கு ஜெர்மனி தரும் வட்டியில்லாக் கடனின் வரம்பு பற்றிப் பேச்சு நடந்த 1985இல் தமிழருக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அகதி என்றால் பேரத்துக்கு உதவும் சரக்கு என்ற பார்வை மேலிடத்திலேயே இருந்தது.

சுவர் விழுந்ததும் ஆலைகள் மூடின. முதலில் சீட்டுக் கிழிந்தது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத்தான். வேலை போன கோபம் புரிகிறது. ஆனால் கப்பல் கட்டும் தளத்தை மூடியவர்கள் மேல் ஒரு கல்லும் விழவில்லையே. 1990 நவம்பரில் எபர்ஸ்வால்டில் அங்கோலாத் தொழிலாளி அமடேயு அந்தோனியோவை ஒரு கும்பல் அடித்துப் போட்டது, டிசம்பரில் அவர் இறந்தார். 1991 செப்டம்பரில் ஹோயர்ஸ்வெர்டா என்ற நிலக்கரி ஊரில் பல நாள் தாக்குதலுக்குப் பிறகு, அதிகாரிகள் தாக்கப்பட்டவர்களையே பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள். கல்லெறிந்தால் காரியம் நடக்கும் என்று லிஷ்டன்ஹாகன் பையன்கள் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

மேற்கு மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1993 மே 26இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி அடைக்கல உரிமையைக் குறுக்கியது. மூன்று நாள் கழித்து மேற்கிலுள்ள சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்தி ஐந்து பேரைக் கொன்றார்கள்.

ரோஸ்டாக்கின் வியட்நாமியர்கள் அதே 1992இல் 'தியென் ஹோங்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. 2012இல் சூரியகாந்தி வீட்டருகே நினைவாக ஓர் ஓக் மரம் நட்டார்கள். சில நாளில் அதை அறுத்துப் போட்டவர்கள் இடதுசாரிகள். ஓக் ஜெர்மன் தேசியவாதத்தின் சின்னமாம். 2015இல் சுவீடனுக்குக் கப்பலேற வந்த அகதிகளுக்கு ரோஸ்டாக் தன்னார்வலர்கள் சோறும் படுக்கையும் கொடுத்தார்கள். மறு ஆண்டு மாநிலத் தேர்தலில், அகதி எதிர்ப்பையே முழக்கமாக்கிய ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீத வாக்கோடு இரண்டாம் இடம் பிடித்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2017இல் நகரெங்கும் ஐந்து வெள்ளைப் பளிங்குக் கற்கள் நட்டிருக்கிறார்கள். சூரியகாந்தி வீட்டருகே ஒன்று, நகர மன்றத்தில் ஒன்று, நாளிதழ் அலுவலகத்தில் ஒன்று என்று அன்று பொறுப்பில் தவறியவர்களின் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். டிராமில் போனால் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நேரம் இல்லையென்றால் போலீஸ் அலுவலகத்தின் முன் நிற்பதை மட்டுமாவது பார்த்துவிட்டு வாருங்கள்.