மஞ்சள் தண்ணீரும் மண்டை வெல்லமும்

ஆய்வகத்தில் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த முதல் வேலை, வெல்லம் வாங்கி வருவது. மாசுபட்ட மண்ணில் செய்யும் சோதனைக்கு. முறைப்படி மொலாசஸ்தான், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகுதான், வேண்டும். அதில் சாராயம் காய்ச்சலாம் என்பதால் மதுவிலக்குத் துறையின் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு கேனுக்காக யார் அலைவது? மளிகைக் கடையில் ஐந்து கிலோ மண்டை வெல்லம் கேட்டேன். "பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கே தம்பி" என்றார் கடைக்காரர்.

மண் ராணிப்பேட்டையிலிருந்து வந்தது. குரோமிய உப்பு தயாரித்த ஆலையொன்று விட்டுப்போன கழிவுமேடு அங்கே இருக்கிறது. உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று 2006-இல் வந்த பட்டியலில் ஊர் பெயரும் இருந்தது.

மண்ணைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, வெல்லத் தண்ணீரைச் சொட்டவிட்டோம். வெல்லம் பாக்டீரியாவுக்குத் தீனி, அவ்வளவுதான். தின்று பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அடுத்து எலக்ட்ரான்களைக் குரோமியத்தின் மேல் தள்ளும். தண்ணீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் தரும் 'குரோம் சிக்ஸ்', கரையாத 'குரோம் த்ரீ' ஆகி மண்ணிலேயே தங்கிவிடும்.

மூன்று வாரம் மஞ்சள் தண்ணீர்தான் வந்தது, குரோம் சிக்ஸ் கரைந்த நிறம். குரோமியத் தாதுவைச் சுண்ணாம்பும் சோடாவும் சேர்த்து வறுத்த கழிவு அது, பி.எச். 11-க்கு மேல். அந்தக் காரத்தில் சாதாரணப் பாக்டீரியா எங்கே பிழைக்கும்? எறும்புகள்தான் கொழுத்தன.

அப்புறம் மேட்டிலிருந்து தள்ளி எடுத்த, காரம் குறைந்த மண்ணை அடைத்தோம். பத்தாம் நாள் புளித்த கள் வாடை. வடிந்த தண்ணீரில் டைஃபினைல்கார்பசைடு விட்டேன், குரோம் சிக்ஸ் இருந்தால் ஊதா நிறம் வர வேண்டும், வரவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாகக் கலக்கி மறுபடி பார்த்தேன். அப்போதும் வரவில்லை. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

வெல்லத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் விட்டபோது, சில வாரங்களில் லேசான ஊதா திரும்பியது. மண்துகள்களுக்குள் சிக்கியிருந்தது மெல்லக் கசிகிறது என்றார் ஆய்வை வழிநடத்திய மேடம்.

ஊர்க்காரர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதினேன். 'குரோமியம் அகற்றப்பட்டது' என்ற வரியில் மேடத்தின் பேனா நின்றது. "எங்கே அகற்றினே? குழாய்க்குள்ளதானே இருக்கு?" அடித்துவிட்டு 'ஒடுக்கப்பட்டது' என்று எழுதினார். வேதியியல் சொல்தான், எலக்ட்ரான் ஏற்றது என்று பொருள், பள்ளியில் மனப்பாடம் செய்தது.

மீதி வெல்லம் அரைக் கிலோ இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆய்வகத்துக்குள் வந்த பொருள், காபிக்கும் ஆகாது.